கடுகு கொண்டுவந்த நீளமான சொல்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. மூன்றாம் வகுப்பு அறையில், ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பாடவேளையில் நடந்தது. இதில் வரும் டீச்சர் நான்தான். முதலில் "எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர்" என்றுதான் எழுதியிருந்தேன். என் கணவர் படித்துவிட்டு, "இந்த டீச்சர் ரொம்ப நல்லவளா இருக்காளே, யாரு இது?" என்று கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது. அடித்துவிட்டு "நான்" என்று போட்டேன்.

எழுதுவது எனக்குத் தொழில் இல்லை. எழுத்தெல்லாம் தெரிந்தும் நீளமான சொல்லைக் கண்டால் மலைத்து நிற்கும் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லித் தருவதுதான் தொழில். அதனால் இதில் கோணல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

2

தொடக்கங்கள் மூன்று வைத்திருந்தேன்.

"ஜன்னல் வழியே விழுந்த இளவெயில் கரும்பலகையில்..."

(அந்த ஜன்னலை ஒட்டி சைக்கிள் கொட்டகை. அறைக்குள் வெயில் வந்து நான் பார்த்ததே இல்லை. அடித்துவிட்டேன்.)

"மரணம் என்பது..."

(மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு எதற்கு இந்த வேலை. இதையும் அடித்துவிட்டேன்.)

"கடுகு அன்று வரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை."

இது உண்மை. இதிலிருந்தே போகலாம்.

3

கடுகு எட்டு வயதுப் பெண், வகுப்பிலேயே குள்ளம். அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் ரேடியோ. ரேடியோ என்பது வாய் மூடாத இன்னொருத்தி. அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவள் கடுகு. இருவரும் ஒரே பெஞ்சு.

கடுகு முதல் ஓரிரு எழுத்தைப் படித்துவிட்டு மீதியை ஊகித்துவிடுவாள். 'பாதுகாப்பு' என்று இருந்தால் 'பாத்திரம்' என்பாள், அதையும் தைரியமாகச் சொல்வாள். இப்படிப்பட்டவர்களுக்காக நான் ஜன்னல் அட்டை செய்துவைத்திருந்தேன். சோப்பு டப்பாவின் அட்டை, நடுவில் ஒரு சின்னக் கட்டம் வெட்டியது. அதைச் சொல்லின் மேல் வைத்து நகர்த்தினால் ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான் தெரியும். 'தீயணைப்புநிலையம்' என்று மொத்தமாகப் பார்த்தால் பயம். 'தீ' பயமில்லை, 'அணைப்பு' பயமில்லை, 'நிலையம்' பேருந்துக்கே தெரியும்.

வகுப்பின் முறை இது. முதலில் தெரிந்த துண்டைத் தேடு. தெரியாத துண்டு வந்தால் ஓசை ஓசையாக நறுக்கு, ஓசைக்கு ஒரு கைத்தட்டு. பிறகு எல்லாவற்றையும் ஒட்டிப் படி. கடைசியில் அர்த்தம் சொல். படிப்பவர் திணறினால் யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. துண்டின் மேல் விரலை வைத்துக் காத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமைதோறும் போட்டி. வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு தாளிலிருந்தோ டப்பாவிலிருந்தோ ஒரு நீளமான சொல்லை எழுதி வந்து செருப்பு டப்பாவில் போட வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் எழுதி எல்லோரும் சேர்ந்து படிப்போம். அதிகத் துண்டுள்ள சொல்லுக்கு முதல் பரிசு. ஜெயித்தவருக்கு அந்த வாரம் முழுக்க ஜன்னல் அட்டையை வைத்துக்கொள்ளும் உரிமை.

இதில் ஒரு விதி உண்டு. சீட்டுகளை முன்கூட்டி யாரும் பார்க்கக் கூடாது, நானும்தான். பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அந்தச் சொல்லை முதல் தடவையாகப் படிக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. ஆய்வுக்கு வந்த அதிகாரி இதைப் பார்த்துவிட்டு, மற்ற பள்ளிகளுக்கும் சொல்கிறேன் என்றார். புகழ்ச்சி யாரை விட்டது. அதற்குப் பிறகு அந்த விதியை நான் சாமி மாதிரி காப்பாற்றினேன்.

(இந்த இடத்தில் கணவர் ஓரத்தில் எழுதியது: "பாடம் நடத்துற மாதிரி இருக்கு." ஆமாம். தவறு அதற்குள்தான் இருக்கிறது. அதனால் அப்படியே விடுகிறேன்.)

4

கடுகின் அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். மூன்றாவது மாடி உயரத்தில் சாரம் சரிந்து விழுந்தார். பதினேழு நாளாக ஆஸ்பத்திரியில் கருவிகளின் தயவில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் வேலை. வேலையையும் விட முடியாமல் ஆஸ்பத்திரியையும் விட முடியாமல் அல்லாடினார். கடுகைப் பார்த்துக்கொண்டது அத்தை, அப்பாவின் தங்கை. அவர் ஒரு நாள் பள்ளிக்கு வந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். அப்பா தூங்குகிறார், தூங்கினால்தான் காயம் ஆறும் என்று பிள்ளையிடம் சொல்லிவைத்திருக்கிறோம், நீங்களும் அப்படியே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நானும் தலையாட்டினேன்.

அந்தப் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து, வீட்டில் கலந்து பேசிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மா அதைக் கைப்பையில் மடித்து வைத்தார். கடுகு நீளமான சொல் தேடி வீட்டையே குடைந்துகொண்டிருந்தாள்.

இங்கேதான் எனக்குக் கடுகு மேல் சந்தேகம். ஒரு பிரதியில் அவளுக்கு எல்லாம் தெரியும். வீட்டில் யாரும் வாய் திறக்காததால், சொற்களைத் திறந்து காட்டும் ஒரே இடமான என் வகுப்புக்கு அதைக் கொண்டுவந்தாள் என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, நான்கு மூலையிலும் பூ வரைந்திருக்கிறாள். அவளுக்கு ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பிரதியைக் கிழித்துப்போட்டேன்.

5

அன்று அவள் சீட்டு கடைசியாக வந்தது. பிரித்து, பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகப் பலகையில் எழுதியவள் ரேடியோ. நான் முறைப்படி முதுகைக் காட்டி நின்றேன். எழுதி முடித்ததும் திரும்பி ஜன்னல் அட்டையை வைத்தேன்.

"உயிர்." இருபத்தாறு பிள்ளைகளும் கத்தினார்கள்.

"காப்பு." இரண்டே நொடி.

"கருவி."

(முந்தைய பிரதியில் இந்த இடத்தில் என் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்து உடைகிறது. உண்மையில் எதுவும் விழவில்லை. என் கை நன்றாகத்தான் இருந்தது.)

எனக்குத் தெரிந்துவிட்டது. அட்டையை எடுத்துவிட்டு, மணி அடிக்கப்போகிறது, கிளம்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். வயிற்றைக் கலக்குகிறது என்று வெளியே ஓடியிருக்கலாம். ஆனால் கடுகு முதல் பெஞ்சில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஐந்து துண்டு வரும் என்று அவளுக்குத் தெரியும், விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் அட்டையை நகர்த்தினேன்.

"நீக்க."

கடைசித் துண்டில் திணறினார்கள். நறுக்கச் சொன்னேன். ஒப், பு, தல். மூன்று தட்டு. பிறகு ஒட்டிப் படித்தார்கள். உயிர்காப்புக்கருவிநீக்கஒப்புதல். கடுகு இடைவெளி விடாமல் எழுதியிருந்ததால் ஒரே சொல்லாக இருந்தது. கூரை அதிரக் கைதட்டினார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு நன்றாகப் பிடிபட்டுவிட்டது என்று ஒரு கணம் பெருமைப்பட்டேன். இதை எழுதாமல் விடத்தான் இத்தனை பிரதி எழுதினேன்.

அர்த்தம் சொல்லும் கட்டம். ரேடியோ முந்திக்கொண்டாள். உயிரைக் காப்பாற்றும் மெஷினை எடுத்துவிடச் சரி என்று சொல்வது என்றாள். முழுசாகச் சரி.

கடுகின் விரல்கள் அப்படியே நின்றன. "ஏன் டீச்சர் எடுப்பாங்க?"

"உடம்பு சரியாயிட்டா எடுத்துடுவாங்கம்மா. அப்புறம் எதுக்கு அது?"

இதுதான் என் வாயிலிருந்து வந்தது. வாயைத் திறந்தேன், அது அங்கே தயாராக இருந்தது. கடுகின் முகம் மலர்ந்ததைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை இங்கே சேர்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஜன்னல் அட்டையை அவள் கையில் கொடுத்தேன்.

6

மீதியை அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, விடுப்புக் கடிதம் கொடுக்க வந்தபோது சொன்னார்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் கடுகை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வந்தார். ஏழு மணிக்குக் கருவியை எடுப்பதாக இருந்தது. அதற்கு முன் பிள்ளை ஒரு தடவை அப்பாவின் கையைத் தொட்டுவிட்டு வரட்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். கடுகு வரமாட்டேன் என்றாள். அப்பாவுக்குச் சரியாகிவிட்டது, மெஷினை எடுக்கப்போகிறார்கள், வீட்டுக்கு வந்துவிடுவார், டீச்சரே சொன்னார் என்றாள். கட்டிலில் குவிந்து கிடந்த துணியையெல்லாம் மடித்துக்கொண்டிருந்தாளாம். போர்வையை மாற்ற வேண்டும், தரையைத் துடைக்க வேண்டும், தலைக்குமேல் வேலை இருக்கிறது என்றாளாம்.

"நான் என்னத்தச் சொல்லி இழுத்துட்டுப் போறது? வா, கடைசியாப் பாருன்னா?" என்றார் அத்தை. "நாங்க சொன்ன பொய்ய விட உங்க பொய் நல்லா இருந்துச்சு டீச்சர். அவ அதத்தான் நம்புனா."

அவர் குரலை உயர்த்தவில்லை. கடிதத்தை மேசையில் வைத்து, பறக்காமல் இருக்க என் பேனாவை அதன் மேல் வைத்துவிட்டுப் போனார்.

(குறிப்பு: "அவள் வந்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்கவா போகிறது" என்று ஒரு வாக்கியம் எழுதிவைத்திருந்தேன். மருத்துவப்படி சரியாகக்கூட இருக்கலாம். அந்த வாக்கியம் யாருக்காக என்று யோசித்தேன். எனக்காக.)

7

முடிவுகள்.

ஒன்று: கடுகு பள்ளிக்குத் திரும்பி வருகிறாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறேன். இருவரும் அழுகிறோம். கணவருக்கு இதுதான் பிடித்திருந்தது.

இரண்டு: பல ஆண்டுகள் கழித்து அவள் டாக்டராகி, நோயாளிகளின் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் எளிய சொற்களில்... இதை எழுதும்போதே உடம்பு கூசியது. செத்துப்போன ஒரு பெயின்டரை வைத்து நான் ஏன் டாக்டர் செய்ய வேண்டும்?

மூன்று: நடந்தது.

8

அவள் திரும்பி வந்த அன்று, இடைவேளையில் எல்லோரும் மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். ரேடியோகூடப் போய்விட்டாள். கடுகு ஜன்னல் அட்டையோடு என் மேசைக்கு வந்தாள். வாரம் முடிந்துவிட்டது, திருப்பித் தர வேண்டும் அல்லவா. தரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்:

"டீச்சர், அன்னிக்கு உங்களுக்கு அந்தச் சொல்லு தெரியலையா?"

தெரியும் என்றால் நான் பொய்க்காரி. தெரியாது என்றால் வெறும் மக்கு டீச்சர். எட்டு வயதுப் பிள்ளை எனக்கு ஓர் ஓட்டையைக் காட்டி, இதன் வழியாகப் போய்விடுங்கள் என்றது. நான் போனேன்.

"தெரியலம்மா."

அவள் தலையாட்டினாள். "அம்மாகிட்ட அப்படித்தான் சொன்னேன். டீச்சருக்கே தெரியாதும்மான்னு. அம்மா நம்பல."

நான் மேசையில் கிடந்த நோட்டுகளை அடுக்கினேன்.

"பரவால்ல டீச்சர். பெரிய சொல்லுதான். நான் சொல்லித் தரவா?"

பலகையின் கீழ்ப்பாதிதான் அவளுக்கு எட்டும். அங்கே எழுதினாள், மறுபடியும் இடைவெளி இல்லாமல். அட்டையை வைத்தாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்து அவள் உயரத்துக்கு முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

"உயிர்" என்றேன். தட்டச் சொன்னாள், தட்டினேன். "காப்பு." "கருவி." 'நீக்க' வந்தபோது நின்றுவிட்டேன். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. நான் சொல்லித் தந்தபடியே துண்டின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள். அப்படிப் பொறுமையாகக் காத்திருக்க எனக்குக்கூடத் தெரியாது. படித்தேன். கடைசித் துண்டையும் நறுக்கிப் படித்தேன். மூன்று தட்டு. மொத்தமாக ஒட்டியும் படித்துவிட்டேன்.

"கரெக்ட்டு" என்றாள் கடுகு. "இப்ப அர்த்தம் சொல்லுங்க டீச்சர். ஏன் எடுப்பாங்கன்னும் சேத்துச் சொல்லுங்க."

நான் இங்கேயே நிற்கிறேன். அன்று மணி அடித்தது, பிள்ளைகள் உள்ளே ஓடிவந்தார்கள், நான் தப்பித்தேன். இந்தக் காகிதத்தில் மணி அடிக்க வைப்பதும் என் கையில்தான் இருக்கிறது, அடிக்கமாட்டேன். நீங்கள் இதுவரை படித்துவிட்டீர்கள், உங்களுக்கும் ஐந்து துண்டும் தெரியும். முட்டி போட்டு உட்காருங்கள், அவள் குள்ளம். அவளுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

எடுத்துக் கொடுக்கமாட்டாள். காத்திருப்பாள்.