ஒன்றரை அங்குலம்

திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் குடியிருக்கும் ஆன்மேரி டீச்சர் உண்டாகி இந்த ஐப்பசியோடு ஏழு வருஷம் முடிந்தது. அன்றைக்கும் அவர் இடுப்பு இருபத்துநாலு அங்குலம், இன்றைக்கும் இருபத்துநாலு அங்குலம். ஸ்கேன் எடுத்தவர்கள் எல்லோரும் குழந்தை நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதிக்கொடுத்தார்கள். இடம்தான் இல்லை என்றார்கள்.

எல்லாம் துணியால் வந்த வினை. டீச்சர் நாலடி ஒன்பது அங்குல உயரம். மேலும் கீழும் நிறைவான உடம்பு, நடுவில் உடுக்கை போல ஒடுங்கும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, துணி எடுக்கப் போகிறவருக்குத்தான் கஷ்டம் தெரியும். விளக்குத்தூண் பக்கமும் மாசி வீதிகளிலும் அவர் ஏறி இறங்காத ஜவுளிக்கடை கிடையாது. மார்புக்குச் சரியாக இருந்தால் இடுப்பில் சாக்காகத் தொங்கும். இடுப்புக்குச் சரியாக இருந்தால் மேலே பூட்ட முடியாது. இடுப்புக்கென்று வைத்த வெட்டு அவருக்குத் தொடையில் வந்து உட்காரும். விற்பனைப் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிட்ஸ் செக்‌ஷனுக்குக் கை காட்டுவார்கள், அங்கே பூனைப் படம் போட்ட கவுன்கள் இருக்கும். மிஷன் பள்ளியில் அவரிடம் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவரைவிட உயரம். முப்பது வயது வரை கண்ணாடியில் முகத்தை மட்டும் பார்த்து வாழ்ந்த ஒருத்தியின் துக்கத்தை யாரும் துக்கமாகவே எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு.

கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தது அதே ஸ்டாப்பில் கடை வைத்திருக்கும் டெய்லர் முத்திருளனிடம். ஊதா நிறத்தில் சின்னப்பூப் போட்ட துணி, கிறிஸ்மஸுக்குச் சுடிதார். முத்திருளன் கெட்டிக்காரர். இடுப்பு வெட்டை உண்மையான இடுப்பில் வைத்தார், கழுத்தை இறக்கினார், நீளத்தை முழங்காலுக்கு மேலே நிறுத்தினார். டீச்சர் இரண்டு அங்குலம் வளர்ந்தது போலத் தெரிந்தார். ஒரே ஒரு குறை. எல்லா டெய்லர்களையும் போல அவரும் பின்னாளில் பிரித்துவிடுவதற்காகப் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் துணியை உள்ளே மடித்துவிட்டிருந்தார். அந்த மடிப்பு இடுப்பில் கொஞ்சம் தடித்துத் தெரிந்தது.

"இதை வெட்டி எறிஞ்சிருங்கண்ணே."

"உள்தையல் இல்லாம பொம்பளத் துணி தைக்கக் கூடாது டீச்சர். நாளைக்கு ஒரு நல்லது நடந்தா பிரிச்சுவிட வேண்டாமா?"

"நா எங்கண்ணே குண்டாகப் போறேன்? இம்புட்டு வருசத்துல இப்பத்தான் எனக்குன்னு ஒரு துணி அமைஞ்சிருக்கு. வெட்டுங்க."

முத்திருளன் வெட்டினார். வெட்டுகிறபோது கத்திரி இரண்டு தரம் நின்றது என்று பிற்பாடு சொன்னார். ஆன்மேரி அந்தச் சுடிதாரோடு கோயிலுக்குள் நுழைந்தபோது பாடகர் குழு ஒரு வரியை விட்டுவிட்டுப் பாடியது. அவர் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அழுதார், சந்தோஷத்தில்தான். பொங்கலுக்குள் இருந்த துணி எல்லாவற்றையும், பதினாலு ஜாக்கெட் உட்பட, உள்தையல் வெட்டி வாங்கிக்கொண்டார். அதோடு உடம்பும் துணியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. எத்தனை கல்யாண வீட்டில் சாப்பிட்டாலும் ஒரு நூல் கூடவில்லை. பள்ளியில் மற்ற டீச்சர்கள் வயிற்றெரிச்சலோடு ரகசியம் கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு அவர் உண்டானார். ஐந்தாம் மாதம் வயிறு தெரியவில்லை, ஒன்பதாம் மாதமும் தெரியவில்லை. தொளதொளப்பான நைட்டி வாங்கிப் போட்டால் மத்தியானத்துக்குள் அது இடுப்பில் வந்து இறுகிக்கொண்டது. நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்தில் கிளார்க்காக இருக்கும் அவர் கணவர் ஸ்டீபன், ஊதாச் சுடிதாரை எடுத்துக்கொண்டு முத்திருளனிடம் ஓடினார். முத்திருளன் அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிரிக்க ஒன்றும் இல்லை. வெட்டிய துண்டுகள் மற்ற துண்டுத்துணிகளோடு மூட்டையாகக் கொட்டாம்பட்டிக்குப் போயிருந்தன.

ஸ்டீபனும் முத்திருளனும் அங்கே போனார்கள். மூட்டையை வாங்கிய விவசாயி ஜெயபாண்டி தன் சோளக்கொல்லைக்கு ஒரு பொம்மை செய்து, அதன் வயிற்றில் அந்தத் துண்டுகளைத் திணித்திருந்தார். வைத்த நாள் முதல் எதுவும் நடக்கவில்லை, ஒரு ஐப்பசியில் பொம்மைக்கு வயிறு மாதாமாதம் பெரிதாக ஆரம்பித்தது என்றார். ஊர்ப் பெண்கள் அதன் கையில் வளையல்கூடப் போட்டிருந்தார்கள். போன வாரம் வயிறு வெடித்துவிட்டதாம். உள்ளே துண்டுத்துணி தவிர ஒன்றுமில்லை, அதையும் காக்கைகள் கூடு கட்டக் கொண்டுபோய்விட்டன. ஸ்டீபன் வரப்பில் உட்கார்ந்து அழுதார். பனைமரங்களில் இருந்த கூடுகளை எண்ணியவர் நாற்பதோடு விட்டுவிட்டார்.

குழந்தை உள்ளேயே இருந்தது. பெண்தான் என்று ஆன்மேரி சாதித்ததால் ஆன்சி என்று பெயர் வைத்து, டீச்சரின் இடுப்பில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போது எல்லோரும் முடித்த பிறகு ஒரு குரல் மட்டும் தனியாக முடித்தது. ஐந்தாம் வருஷம் பள்ளிக்கூடம் அவள் பெயரை ஒன்றாம் வகுப்பு வருகைப்பதிவில் சேர்த்துக்கொண்டது.

இந்த வருஷம் ஆடியில் டீச்சரின் இடது கை கரும்பலகையில் கோணலாக எழுதத் தொடங்கியது. "அம்மா, ஒங்க கைக்குள்ள என் கை சரியா இருக்கு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. வயிற்றில் இடம் கிடைக்காத பிள்ளை கிடைத்த இடத்தில் எல்லாம் வளர்ந்திருந்தாள். ஆவணியில் கால்கள். புரட்டாசியில் ஆன்மேரி வீட்டுக்கணக்கை, பிறகு ஸ்டீபனின் பெயரை மறந்தார். பேசும்போது அவர் குரல் அடுத்த அறையிலிருந்து வருவது போல இருந்தது. ஸ்டீபன் இரண்டு பேரையும் இழந்துவிடுவோமோ என்று பயந்தார், யாருக்காக ஜெபிப்பது என்றே தெரியவில்லை.

கிறிஸ்மஸ் துணிக்கு அளவெடுக்க முத்திருளன் டேப்பைச் சுற்றினார். முப்பத்துநாலு, இருபத்துநாலு, முப்பத்தஞ்சு. ஒரு நூல் மாற்றமில்லை.

"யாருக்கு டீச்சர் இது?"

"எனக்குத்தான் மாமா" என்றாள் ஆன்சி. டீச்சரின் வாய்தான் அசைந்தது. "உள்ள ஒண்ணர இஞ்சு விட்டுத் தைங்க. வெட்டிராதீங்க. அம்மா அதுல இருந்துக்கிருவாங்க."

முத்திருளன் நோட்டில் குறித்துக்கொண்டார். சுடிதார் கிறிஸ்மஸுக்கு முந்தின நாளே தயாராகிவிட்டது. ஆன்சிக்கு அது கனகச்சிதமாகப் பொருந்துகிறது என்று கோயிலில் எல்லோரும் சொன்னார்கள், இடுப்பில் கொஞ்சம் தடிப்பாகத் தெரிவதைத் தவிர. ஸ்டீபன் அதைத் துவைக்கப் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்தையலில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, அந்த வாரத்து வீட்டுச் செய்திகளை எல்லாம் மெதுவாகச் சொல்லிவிட்டு மடித்துவைக்கிறார்.