முன் சக்கரத்து பிரேக்

என் அண்ணன் வேதசிரோமணிக்கு இரண்டு பேச்சு கிடையாது என்று சேலையூரில் எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். எழுபத்தாறாம் வருடம் ஜூலை மாதம் அவருடைய இரண்டாவது பேச்சை நான் காதாரக் கேட்டேன்.

நான் ஞானஜோதி. தாம்பரத்தில் ஸ்டாஃப் நர்ஸ். பினாங்கில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, முப்பத்தாறு வயதில், கல்யாணம் ஆகாமல், ஒரு ஜப்பான் மோட்டார் சைக்கிளோடு ஊர் திரும்பினேன். கல்யாணம் ஆகாதது பெரிய குற்றமா, மோட்டார் சைக்கிள் பெரிய குற்றமா என்று அண்ணனால் முடிவுக்கு வர முடியவில்லை. ஹெட்மாஸ்டர் அல்லவா, இரண்டுக்கும் சேர்த்தே திட்டினார்.

வண்டியை அங்கே ஒரு டாக்டரிடம் வாங்கினேன். எட்டு வருடத்தில் ஆறு வருடம் அதில்தான் டியூட்டிக்குப் போனேன். முன் சக்கரத்தில் பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு இருக்கும். ஹேண்டில்பாரில் உள்ள லீவரை அழுத்தினால், மேலே இருக்கும் சின்னக் கிண்ணத்து எண்ணெய் ஹோஸ் வழியாக இறங்கி, கீழே இரண்டு கட்டைகளைத் தள்ளும். கட்டைகள் தட்டைக் கவ்விப் பிடிக்கும். இந்த ஊரில் அப்படி ஒரு பிரேக்கை யாரும் பார்த்ததில்லை. துறைமுகத்துக் கொட்டகையில் இரண்டு மாதம் வெயிலில் கிடந்து ஹோஸ் வெடித்துவிட்டது. பினாங்குக்கு எழுதிப் புது ஹோஸ் வரவழைத்தேன். ஹோஸ் வந்தது, பிரேக் வரவில்லை. உள்ளே காற்று புகுந்துவிட்டது.

இரும்புலியூரில் லாரி பிரேக் வேலை பார்க்கும் குப்புராஜ் எங்கள் வாசலுக்கு மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் ஒரு டப்பா எண்ணெய் தீர்ந்ததுதான் மிச்சம். லீவரை அழுத்தினால் கனிந்த வாழைப்பழத்தை அழுத்துகிற மாதிரி ஹேண்டில்பார் வரைக்கும் போயிற்று.

"இன்னாக்கா இது, பேஜாரு புட்ச்ச வண்டியா கீது! பத்து டன் லாரிய நிறுத்திக் காட்டிருக்கேன். இது அடங்க மாட்டேங்குது. பேசாம தள்ளி வுட்ருங்க" என்றார்.

அண்ணன் இதற்காகவே காத்திருந்தவர் போல ஈஸிசேரில் இருந்து எழுந்தார்.

"கேட்டியா ஜோதி? மெக்கானிக்கே சொல்லிட்டார். குரோம்பேட்டையில சம்பந்தம்னு ஒருத்தர் வண்டியை வாங்கிக்கிறேன்னு சொல்றார். நான் ஒண்ணும் பொம்பளைங்க வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லலை. பிரேக் இல்லாத வண்டியில என் தங்கச்சியை அனுப்ப மாட்டேன். அவ்வளவுதான்."

"பிரேக் பிடிச்சா?"

"பிடிச்சா நீ தாராளமா ஓட்டு. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு சம்பந்தம் வருவார். அதுக்குள்ள பிடிக்கலைன்னா கையெழுத்துப் போட்டுக் குடுத்துடணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். அந்த வண்டி போனால் காலை ஐந்தரைக்குக் கேம்ப் ரோட்டில் நின்று, பிதுங்கி வழியும் பஸ்ஸில் தொற்றி, கண்ட கையையும் முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு டியூட்டிக்குப் போக வேண்டும். அதைவிட, 'எல்லாம் அவள் நல்லதுக்குத்தான்' என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்வார். அதை என்னால் தாங்கவே முடியாது.

சனிக்கிழமை காலை வார்டில் ஒரு நோயாளிக்கு டிரிப் போட்டேன். ஊசி குத்துவதற்கு முன் டியூபில் காற்று இல்லாமல் பார்க்க வேண்டும். பாட்டிலை உயரத் தூக்கி மாட்டி, டியூபை விரலால் சுண்டிக்கொண்டிருந்தேன். குமிழி ஒவ்வொன்றாக மேலே ஏறியது. ஆயிரம் தடவை செய்த வேலை. அன்றைக்குத்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. குப்புராஜ் அந்தக் கட்டைகள் இருக்கும் பிரேக் கவ்வியைச் சக்கரத்திலிருந்து கழற்றி, கட்டைகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி, சாக்கின் மேல் கிடத்திவைத்து, லாரிக்குச் செய்கிற மாதிரி சௌகரியமாக உட்கார்ந்து வேலை செய்தார். காற்றை வெளியே விடும் நிப்பிள் அப்போது தரையைப் பார்த்து இருந்தது. எண்ணெய் அடியில் ஒழுகியது, காற்று உச்சியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மூன்று தடவையும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவள் நான். என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது.

டியூட்டி முடிந்ததும் நேரே இரும்புலியூர் போய்க் குப்புராஜைக் கையோடு கூட்டி வந்தேன். பினாங்கிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் பழைய டிரிப் செட் ஒன்று இருந்தது. சிவப்பு ரப்பர் டியூப், நடுவில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடித் துண்டு.

"கவ்விய அதோட எடத்துல மாட்டுங்க. நிப்பிள் மேல பார்க்கணும்" என்றேன்.

மாட்டினார். டியூபின் ஒரு முனையை நிப்பிளில் சொருகி, மறுமுனையை எண்ணெய் இருந்த கண்ணாடிக் குப்பியில் முக்கினேன். ஸ்பேனரை நான் எடுத்தேன்.

"அக்கா, அது என் வேலக்கா."

"இன்னைக்கு உங்க வேலை லீவர். நான் சொல்றப்போ அழுத்தணும், சொல்றப்போ விடணும். பம்பு அடிக்கிற மாதிரி அடிக்கக் கூடாது. கிண்ணத்துல எண்ணெய் வத்தவும் விடக் கூடாது."

அவர் முகம் கறுத்துப்போயிற்று. இருபது வருடத் தொழிலில் வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி அவருக்கு உத்தரவு போட்டதில்லை. இருந்தாலும் லீவரைப் பிடித்தார்.

"அழுத்துங்க. அப்படியே வெச்சிருங்க." நிப்பிளைக் கால் சுற்று திருகித் திறந்தேன். கண்ணாடித் துண்டுக்குள் ஒரு கொத்துக் குமிழி ஓடியது. மூடினேன். "இப்போ விடுங்க."

"யக்கா! எம்மாங் காத்து!" என்று கத்தினார் குப்புராஜ். கோபம் போன இடம் தெரியவில்லை.

திறந்து மூடி, திறந்து மூடி, முப்பது தடவைக்கு மேல் ஆகியிருக்கும். குமிழி நின்றுவிட்டது. ஆனாலும் லீவர் பாதி தூரம் மெத்தென்று போனது. குப்புராஜ் என்னைப் பார்த்தார். ஈஸிசேரில் பேப்பர் சரசரத்தது. அந்தச் சத்தம்தான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது.

ஹேண்டில்பாரைத் திருப்பி, எண்ணெய்க் கிண்ணம் எல்லாவற்றுக்கும் உயரத்தில் நிற்கும்படி வைத்தேன். மூடியைத் திறந்தேன். ஸ்பேனரின் பிடியால் ஹோஸைக் கீழேயிருந்து மேலே வரை, டிரிப் டியூபைச் சுண்டுவது போல, மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தேன். குப்புராஜ் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தார். கிண்ணத்தில் கடுகளவு குமிழி ஒன்று வந்தது. பிறகு ஒன்று. அப்புறம் பொலபொலவென்று பத்துப் பதினைந்து.

மூடியைப் போட்டு லீவரை அழுத்தினேன். கல் மாதிரி நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், நர்ஸிங் பாஸானபோதுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வாசலில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. சம்பந்தம் வந்திருந்தார். நான் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேன். அவரும் பக்கத்து வீட்டு யேசுதாசனும் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். முன் சக்கரம் இம்மியும் நகரவில்லை.

"பலே! இப்பத்தான் வண்டி வண்டியா இருக்கு. சார், நான் சொன்னதுக்கு மேலயே போட்டுக் குடுக்கறேன்" என்றார் சம்பந்தம்.

அண்ணன் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். "போடும்மா கையெழுத்து."

எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆயிற்று.

"பிரேக் பிடிச்சாச்சே அண்ணா."

"பிடிச்சா பிடிச்சுட்டுப் போகுது. நான் அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். குடும்ப கௌரவம்னு ஒண்ணு இருக்கில்ல?"

பிரேக்காம், பாதுகாப்பாம். இந்த மனிதருக்கு நிரூபிக்கவா நான் உயிரை விட்டேன்? வண்டி என்னுடையது, லைசென்ஸ் என்னுடையது. என் பொருளுக்கு நானே பந்தயம் கட்டினேனே, அதுதான் நான் செய்த மடத்தனம். பேனாவை வாங்கி மூடி, அவர் சட்டைப் பையிலேயே சொருகினேன்.

"வாக்கு உங்களோடது. வண்டி என்னோடது. நான் விக்கலை."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி உதைத்தேன். ஒரே உதையில் உயிர் வந்தது. அண்ணன் விறுவிறுவென்று போய் கேட்டுக்கு நடுவே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"என்னைத் தாண்டித்தான் போகணும்!"

கிளட்சை விட்டேன். வண்டி நடக்கிற வேகத்தில் அவரை நோக்கி நகர்ந்தது. "ஐயோ, ஜோதி!" என்று அண்ணி தபீதாள் கத்தினாள். அண்ணன் அசையவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இரண்டே விரலால் லீவரை அழுத்தினேன். அவர் வேட்டிக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

"ஏன் அண்ணா நகரலை?" என்று கேட்டேன். "நிக்கும்னு தெரியும், இல்ல?"

குப்புராஜ் கூட்டத்துக்குள்ளிருந்து உரக்கச் சிரித்துவிட்டார்.

விரித்த கைகள் மெதுவாக இறங்கின. அவர் ஒதுங்கி வழி விட்டார். எனக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு டியூட்டி இருந்தது. நான் கிளம்பினேன்.