அவைக் குறிப்பில் அம்மா

சட்டமன்றத்தில் அவருக்கு 'நீக்கண்ணன்' என்று பெயர். வைத்தவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள், கூப்பிட்டது எல்லாரும். யாராவது கொஞ்சம் வாய் தவறிவிட்டால் போதும், முதல் ஆளாக எழுந்து, அவைக் குறிப்பிலிருந்து அந்த வார்த்தையை நீக்க வேண்டும் என்பார். குடி, படுக்கை, கள்ளத்தொடர்பு என்று எது காதில் விழுந்தாலும் முகம் சுண்டிப்போகும். சபாநாயகரும் ஆளை விட்டால் போதுமென்று நீக்கிவிடுவார். பண்பாட்டைக் காக்க ஒரு ஆள் வேண்டாமா? அந்த வேலையை அவர் மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவள் அவரைப் பெற்ற அம்மா. ஒரு காலத்தில் அவர் வீடு வீடாக ஏறி இறங்கிய காப்பீட்டு முகவர். ஒரு பொதுக்கூட்டத்தில் தலைவர் வரத் தாமதமாகிவிட, நேரத்தை ஓட்டுவதற்கு இவரைப் பிடித்து மேடையில் தள்ளிவிட்டார்கள். கையில் மைக், தலைக்குள் ஒன்றுமில்லை. அம்மா அப்பாவிடம் பெல்ட்டால் அடிவாங்கிய கதையைச் சொன்னார். அதுவரை உண்மை. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் வாய் தானாக நீண்டது. அத்தனை அடியிலும் எங்கள் அம்மா அந்த வாசலைத் தாண்டவில்லை, எங்களுக்காகப் பொறுத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள், அதுதான் குடும்பம் என்று முடித்தார். கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. அடுத்த தேர்தலில் கட்சி சீட்டுக் கொடுத்தது. அதற்கப்புறம் அவர் தோற்றதே இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் அம்மா இன்னும் கொஞ்சம் பொறுமைசாலி ஆகிக்கொண்டே போனாள்.

உண்மையில் அம்மா எங்கே அந்த வீட்டில் இருந்தாள்? பட்டப்பகலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, இவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அக்காவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் கிளம்பிவிட்டாள். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அதற்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் இஸ்திரி இயந்திரம் ஓடுவதால் அறையின் ஒரு சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். குளிர் நாட்களில் மூன்று பேரும் அந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டு தூங்குவார்கள். பள்ளிக்கூடம், சட்டை, சாப்பாடு எல்லாம் அந்த அறையிலிருந்துதான் வந்தன. மகன் மேடையில் தன்னைப் பற்றி என்ன பேசுகிறான் என்று அம்மாவுக்குச் சாகும்வரை தெரியாது. தெரியாமல் அவர் பார்த்துக்கொண்டார்.

இப்போது அவர் பெயரில் ஒரு மசோதா வந்திருந்தது. பிரிய நினைக்கும் கணவனும் மனைவியும் முதலில் ஒரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் நீதிமன்றம் மனுவையே வாங்கும். எதிர்க்கட்சியில் ஒரு பெண் மருத்துவர் அதற்கு ஒரு திருத்தம் கொடுத்திருந்தார். வீட்டில் அடிவாங்குகிறவர்களுக்கு இந்த ஒரு வருடம் வேண்டாம் என்பதுதான் அது. மசோதா கொண்டுவந்தவர் சரியென்று தலையாட்டினால் கட்சியும் சரியென்றுவிடும்.

அன்று காலை அக்கா அவருடைய விடுதி அறைக்கு வந்தாள். கூடவே அவள் மகளும் வந்தாள். அந்தப் பெண்ணின் உதடு கிழிந்திருந்தது. மாமா முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கமே நின்றாள். புருஷன் வீட்டைவிட்டு வந்து ஒரு வாரமாகிறது என்றும், சட்டம் இப்படியே வந்தால் அவள் திரும்பிப் போய்த்தான் ஆக வேண்டும் என்றும் அக்கா சொன்னாள். இவர் கட்சி, தலைமை, சூழ்நிலை என்று என்னென்னவோ இழுத்தார். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்டா. அந்த டாக்டரம்மா சொல்றதுக்குத் தலையாட்டு, போதும். அப்புறம் இன்னொண்ணு. அம்மா எனக்கும் அம்மாதான். இன்னிக்கு அவங்களை அங்கே இழுக்காதே."

"சரிக்கா" என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார். பார்வையாளர் மாடத்துக்கு அக்காவுக்கு அனுமதிச் சீட்டுகூட அவரே வாங்கிக் கொடுத்தார்.

அவையில் மருத்துவர் எழுந்தபோது, திருத்தத்தை ஏற்கிறேன் என்ற வாக்கியம் அவர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் மருத்துவர் திருத்தத்தோடு நிற்கவில்லை. அடிக்கிற வீட்டில் ஒரு வருடம் இருந்த ஒரே ஒரு பெண்ணையாவது உறுப்பினருக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். ஆளுங்கட்சி வரிசை முழுக்க மேஜையைத் தட்டியது. "அம்மாவைச் சொல்லுங்கண்ணே, அம்மாவைச் சொல்லுங்க" என்று நாலா பக்கமும் குரல். மேஜை தட்டும் சத்தம் கேட்டால் அவருக்குக் கதை தானாக ஓடும், வருடக்கணக்கான பழக்கம். பெல்ட் வந்தது, வாசல் வந்தது, பொறுமை வந்தது. இந்தத் தடவை அம்மாவுக்கு உதட்டில் ஒரு காயமும் வந்தது. அது காலையில் ஜன்னலோரம் பார்த்த காயம். சொல்லி முடித்த பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தார். மாடத்தில் அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். காவலர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அவள் உட்காரவில்லை, வெளியே போய்விட்டாள்.

அவர் மறுபடி எழுந்து, தான் பேசியதை அவைக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்றார். அவை சிரித்தது. நீக்கண்ணன் கடைசியில் தன்னையே நீக்கச் சொல்கிறார் என்று யாரோ கிண்டல் செய்தார்கள். சபாநாயகரும் சிரித்துவிட்டு, அசிங்கமான பேச்சைத்தான் நீக்க முடியும், இந்த அவை கேட்டதிலேயே கண்ணியமான பேச்சு இது, எதற்காக நீக்க வேண்டும் என்று கேட்டார். பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். தன்னைப் போன்ற கோழை அந்த மண்டபத்தில் வேறு யாரும் இல்லை என்று அவருக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது.

இடைவேளை விட்டதும் படிக்கட்டில் இறங்கி ஓடினார். பார்வையாளர்கள் பைகளை ஒப்படைக்கும் இடத்தில் அக்கா தன் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா அங்கேயே இருந்தாங்கன்னா, அந்தச் சூட்டுச் சுவரோரம் நம்மளைத் தூங்க வெச்சது யாருடா?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கட்சிக் கொறடா வந்து அவர் தோளில் கை போட்டார். பின்னால் இன்னும் நாலைந்து உறுப்பினர்கள். இன்றைக்கு அழ வைத்துவிட்டீர்களே அண்ணே என்றார் கொறடா. பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டார். அக்கா என்றதும் கொறடாவின் முகம் மலர்ந்தது. அப்படிப்பட்ட தாய் வயிற்றில் பிறக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்.

"கொடுத்து வெச்சவங்கதாங்க" என்றாள் அக்கா. "ஆனா எங்கம்மா அந்த வீட்டுல இருக்கலை. எங்களைத் தூக்கிட்டு வெளியே வந்துட்டாங்க. அதனாலதான் நாங்க உசிரோட இருக்கோம். தம்பியையே கேளுங்க, சொல்லுவான்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது, வாடா என்று கையை நீட்டிவிட்டு ஒரு பார்வை பார்ப்பாளே, அதே பார்வை. இவர் கையைக் கொடுத்திருந்தால் போதும்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாது.

"அக்காவுக்கு வயசாயிடுச்சு. கொஞ்ச நாளா ஞாபகம் தடுமாறுது" என்றார்.

கொறடா அனுதாபத்தோடு தலையசைத்தார். பார்த்துக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், நான் வண்டி ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டார். அக்கா பையின் வாயை மூடினாள். வண்டி வேண்டாம், வழி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று கொறடாவிடம் சொல்லிவிட்டு, தம்பியைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வாக்கெடுப்பு மணி அடித்தது. கொறடா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். திருத்தத்தை எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் சபாநாயகர். வழக்கம்போல நீக்கண்ணன்தான் முதலில் எழுந்தார்.