ஆடிக்கு வாரேன்

தனபாலுக்கு வலது தோள்பட்டை எரிந்தது. இரண்டு வருசமாகச் சத்தீஸ்கரில் போர்வெல் ரிக் வண்டியில் இரும்பு ராடு மாட்டிய தோள். டிக்கெட்டுக்குக் காசு நீட்டக்கூடக் கை ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை, நேற்று அவன் ஊர் திரும்பியதிலிருந்தே வாயைத் திறக்கவில்லை; திருச்செங்கோட்டில் சேலம் பஸ் ஏறியும் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் அது சந்தோஷ்குமார். தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் நித்யஸ்ரீ. பதிமூன்று வயதில் போனில் அதுவே அப்பனிடம் சொன்னது: “நான் பொண்ணுங்கப்பா. தொண்ட உடைஞ்சு கொரல் மாறறதுக்குள்ள டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போங்க. நீங்களும் அம்மாவும் சேர்ந்து வரோணுமாம்.”

கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே தனபால் கத்தினான்: “ஆடிக்கு வாரேன் சாமி. வந்து பாத்துக்கலாம்.”

அடிக்கவில்லை, திட்டவில்லை. அதையே பெரிய காரியமாக நினைத்துக்கொண்டான். ஆடி வந்தது. முதலாளி வண்டியை வேறு ஊருக்குத் திருப்பினார். ஊருக்குப் போனால் அந்தப் பேச்சை எடுத்தாக வேண்டும். தனபால் வண்டியோடே போய்விட்டான். அப்புறம் பிள்ளை போனில் பேசுவதை நிறுத்தி, மெசேஜ் மட்டும் போட்டது. கோபமென்று நினைத்தான்.

முன்சீட்டிலிருந்து பெண்டாட்டி உஷாராணி திரும்பினாள். “ஏனுங்க, ஆயிரம் அடிக்குக் கீழ தண்ணி இருக்குதுன்னு சொல்றீங்க. பெத்தது ஏன் பேசறதில்லீன்னு தெரியலீங்களா?”

சேலத்தில் டாக்டரம்மா அவசரமில்லாமல் சொன்னார். மனநல டாக்டர் பலதடவை பேச வேண்டும். ரத்தம், எலும்பு பார்க்க வேண்டும். நாளைக்குக் குழந்தை வேண்டுமென்றால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். பிறகுதான் மருந்தா இல்லையா என்ற முடிவு.

“கொரல்?”

யாரோ ஆம்பளை உள்ளே வந்துவிட்டானென்று தனபால் கதவைத் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. பேசியது நித்யஸ்ரீ. அச்சு அசலாகத் தனபாலுடைய தொண்டை.

“உடைஞ்ச குரல் மாத்திரையில திரும்பாதும்மா. பேச்சுப் பயிற்சி இருக்கு, ஓரளவு உதவும். முன்னாடியே வந்திருந்தா, அத நிறுத்தி வைக்கலாமான்னாவது பாத்திருக்கலாம்.”

அவள் தலையாட்டினாள். அழவில்லை. சட்டைக் காலர் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும் தனபால் கேட்டான். “டீ குடிக்கறயா சாமி?”

போனில் தட்டி, அவன் முகத்துக்கு நேரே காட்டினாள்: வேண்டாங்கப்பா.

ரிக் முதலாளி போனில் கூப்பிட்டார். அவன் எடுக்கவில்லை. இனிமேல் எடுக்காமலே இருந்தாலும், ஊரோடே கிடந்தாலும், பெற்ற பிள்ளைக்குத் தனபால் வைத்த பாக்கி தீராது: ஒரு குரல்.