நனையாத பிள்ளை

கண்ணகையின் பிள்ளை பிறந்து முப்பது நாள்களும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தன. அதுவரை அதன் உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒட்டவில்லை. பிறந்த அன்றே மருத்துவிச்சி ஆச்சிப்பிள்ளை இளஞ்சூட்டு நீரை ஊற்றிப் பார்த்தாள். நீர் மணிமணியாகத் திரண்டு உருண்டு பாயில் விழுந்தது. துடைத்த துவாய் காய்ந்தே இருந்தது. தேங்காயெண்ணெயும் நிற்கவில்லை. பிள்ளை அழுதது, பால் குடித்தது, உறங்கியது. நிறை ஐந்து இறாத்தல். வேறு குறை எதுவும் இல்லை என்று ஆச்சிப்பிள்ளை சொல்லிவிட்டுப் போனாள்.

ஊர் வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில் இருந்தது. அந்தக் கரை போராளி இயக்கத்தின் கையிலும் கிழக்குக் கரை இராணுவத்தின் கையிலும் இருந்த காலம். சோதனைச் சாவடி வழியாக ஆளுக்கு ஒரு கட்டிச் சவர்க்காரம்தான் கொண்டுவரலாம். தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதத்திலிருந்து கிழக்குக் கரை முகாமில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழைய எண்ணெயைக் குழியில் கொளுத்தி, வெண்ணுரை அடித்து அணைக்கப் பழகினார்கள். அந்த நுரை சனிக்கிழமை காலையில் மேற்குக் கரையில் வந்து ஒதுங்கியது. முகாமில் உடுப்புத் தோய்த்த சவர்க்கார நுரைதான் மிதந்து வருகிறது என்று பெண்கள் நினைத்தார்கள். குடங்களில் அள்ளிக்கொண்டு போய்ச் சட்டி கழுவினார்கள், சீலை தோய்த்தார்கள், தலை முழுகினார்கள். சாவடியில் வரிசையில் நின்று ஏச்சு வாங்கும் வேலை ஓரளவு குறைந்தது.

முதலில் மாறியவை நீர்க்காகங்கள். மீன் பிடித்த பிறகு கண்டல் மரக் கொம்பில் சிறகை விரித்துக் காயவைப்பது அவற்றின் வழக்கம். சித்திரையில் அதை நிறுத்திவிட்டன. காயவைக்க ஈரம் இல்லை. சிறகு நனையாததால் அவற்றால் மூழ்கவும் முடியவில்லை. தக்கைபோல மிதந்தபடி, அடியில் ஓடும் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்து, ஆடி முடிவதற்குள் இருபத்தாறு பறவைகள் பட்டினியால் செத்தன. பிறகு வலையில் மீன்கள் காய்ந்தபடியே வந்தன. கருவாட்டுக்கு உப்பு ஒட்டவில்லை. ஆனால் உருசி மாறவில்லை, கெட்ட மணமும் இல்லை. ஆகவே எல்லோரும் சாப்பிட்டார்கள். பாடசாலை ஆசிரியர் யோகராசா ஒரு போத்தலில் வாவி நீரைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார். சாவடியில் அதைக் கவிழ்த்துவிட்டுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தார்கள். உள்ளே ஈரம் இல்லை. அந்த நீரில் கலந்திருந்தது வெயிலில் அழியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. மீனிலிருந்து இரத்தத்துக்கும் இரத்தத்திலிருந்து பாலுக்கும் செல்லும். அதற்கு ஒரு பெயர் இருப்பது அந்தக் கரையில் யாருக்கும் தெரியாது. கார்த்திகை மழையில் வயலுக்குப் போனவர்கள் பாதி நனையாமல் வீடு திரும்பினார்கள். குடை கிடைக்காத காலம் என்பதால் அதைப் பற்றி யாரும் முறையிடவில்லை.

அடுத்த ஆண்டு பிறந்த மற்றப் பிள்ளைகள் எல்லாம் இரண்டாம் குடத்திலோ மூன்றாம் குடத்திலோ நனைந்தன. கண்ணகையின் பிள்ளை மட்டும் நனையவில்லை. ஏன் என்று ஊர் ஆராய்ந்தது. அவள் வயிற்றுப் பிள்ளையோடு உச்சி வெயிலில் வாவிக்கு இறங்கினாள் என்றார்கள். கோயில் நேர்த்தி ஒன்றை மறந்துவிட்டாள் என்றும் சொன்னார்கள். கண்ணகை ஒவ்வொன்றையும் கேட்டு, ஒவ்வொன்றையும் நம்பினாள். கணவன் நல்லரத்தினம் தினமும் விடியத் தோணியில் அக்கரைக்குப் போய், நாவற்குடாவில் இறால் விற்று வருகிறவன் என்று ஊர் அறிந்திருந்தது. பிள்ளையைத் தூக்கும் முன் இரண்டு கைகளையும் உடுத்திய சாரத்தில் நெடுநேரம் துடைத்துக்கொள்வான். முந்தின மாசியில், முகாமுக்குத் தேங்காய் விற்ற ஒருவனைச் சந்தி மின்கம்பத்தில் இயக்கத்தினர் கட்டிச் சுட்டிருந்தார்கள். அதன் பிறகு நல்லரத்தினம் வீட்டிலும் குறைவாகவே பேசினான்.

முப்பத்தோராம் நாள் பிள்ளையின் தலைமயிர் வழித்து, முழுக்காட்டி, பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கைக் கழிப்பது வழக்கம். கழியாவிட்டால் தாயும் பிள்ளையும் கோயில் வாசலை மிதிக்க முடியாது, அவள் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். முற்றத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். மயிரை வறட்டுக் கத்தியால் வழித்தார்கள். நல்லரத்தினத்தின் அக்கா இலட்சுமிப்பிள்ளை மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். அது மஞ்சள் மணிகளாக உருண்டு ஓடியது. மூன்று குடம் ஊற்றியும் அப்படித்தான். “இவன் வாவிக்குள்ள விழுந்தாலும் துவாய் தேடத் தேவையில்ல கா” என்றாள் ஆச்சிப்பிள்ளை. இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவர்கள் கொஞ்சநேரம் கதைத்தார்கள். தண்ணீர் தொட்டால் போதும், நிற்கவேண்டியதில்லை என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து அந்த ஊரில் நனையாதவர்களுக்கும் துடக்குக் கழியும்.

இலட்சுமிப்பிள்ளைக்கு அது போதவில்லை. “பிள்ளையில பிழையில்ல” என்றாள். “பிழை பாலில கிடக்கு. எங்கட குடியில ஒரு பிள்ளையும் இப்பிடிப் பிறக்கல்ல.”

கண்ணகை பிள்ளையை மார்பிலிருந்து விலக்கினாள். “அப்ப நான் குடுக்கல்ல மச்சாள். இண்டையோட நிப்பாட்டுறன்.”

பிள்ளை அழுதது. அவள் உள்ளே போய்ப் பால்மா இருந்த தகரப் பேணியையும் கோப்பையையும் எடுத்துவந்தாள். சமையல் கொட்டிலின் ஓரத்தில் மூடியுள்ள நீலப் பீப்பா ஒன்று நின்றது. அவள் வயிற்றில் பிள்ளை தங்கிய மாதம், கிணறு உவர் தட்டியபோது, செங்கலடிச் சந்தையில் வாங்கியதென்று நல்லரத்தினம் கொண்டுவந்தது. பத்து மாதமும் அவள் குடித்தது வெளியிலிருந்து கொண்டுவந்து அதில் நிரப்பி வைத்த தண்ணீர். தாய்க்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று அவன் கிணற்று நீரையே குடித்தான். அவள் மூடியைத் திறந்து கோப்பையால் மொண்டாள்.

நல்லரத்தினம் எழுந்துபோய் அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டான்.

“என்னத்துக்குத் தட்டினீங்க? பிள்ளை பசியில கிடக்கு” என்றாள் அவள்.

அவன் முற்றத்தைப் பார்த்தான். பதினொரு பேரில் இருவரின் பிள்ளைகள் இயக்கத்தில் இருந்தார்கள். அவர்களும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

“உன்ட பாலில ஒரு பிழையுமில்ல புள்ள. நான் இறால் விக்கப் போகல்ல. ஒண்டரை வருசமா ஆமிக் கேம்பிலதான் வேலை செய்யிறன். நுரை மருந்து வாற பீப்பாக்களக் கழுவி வாவிக்குள்ள ஊத்தினது நான்தான். இந்தப் பீப்பாவும் அதில ஒண்டு.”