பன்னிரண்டு மைக்ரான்

பாலகுரு முப்பது வருஷமாகப் பழைய கிரைண்டிங் மெஷின்களை வாங்கி விற்கிறவர். இரும்பை மயிரிழையிலும் மெல்லிய கணக்கில் தேய்த்துக் கொடுக்கும் மெஷின்கள். கோயம்புத்தூரில் மூடிய பட்டறையோ, ஓசூரில் நொடித்த கம்பெனியோ, எங்கே எது விலைக்கு வந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். வாங்கி வந்து, காரைக்கால் பக்கம் கீழவாஞ்சூரில் துறைமுகத்து லாரிகள் கிளப்பும் கரித்தூசிக்கு நடுவே ஒரு கொட்டகையில் நிறுத்தி, துடைத்து, கைமாற்றிவிடுவார். இந்தத் தொழிலில் பாலபாடம் ஒன்றுதான்: பிடித்த பொருளை வாயால் பாராட்டக் கூடாது. "நல்ல மெஷின்" என்று வாய் தவறிச் சொன்னால் ஐம்பதாயிரம் ஏறிவிடும். முகத்தைச் சுளிக்க வேண்டும், உச்சுக் கொட்ட வேண்டும், மனசுக்குள் ஆசை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு குறை சொல்ல வேண்டும்.

வியாபாரத்துக்கு உதவிய இந்தப் பழக்கம் வேறு எதற்கும் உதவவில்லை. இளம் வயதில் மூன்று இடத்தில் பெண் பார்க்கப் போனார். மூன்று இடத்திலும் பெண்ணைப் பிடித்திருந்தது. அதனாலேயே திரும்பும்போது வாசலில் நின்று, "வீடு ரொம்ப உள்ள தள்ளி இருக்கு, காபியில சர்க்கரை தூக்கல்" என்று எதையாவது சொல்லிவிட்டு வந்தார். அடுத்த பேச்சுக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். பெண் வீட்டார் யாரும் மெஷின் வியாபாரிகள் இல்லை. இப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

நெரவியில் செல்லக்கண்ணு வைத்திருந்த பட்டறைக்கு அவர் முதலில் போனது இரண்டு வருஷத்துக்கு முன்னால். கருக்களாச்சேரி விசைப்படகுகளின் எஞ்சின் சாஃப்ட்டுகளைத் தேய்த்துக் கொடுத்தே பெயர் வாங்கிய மனிதர் செல்லக்கண்ணு. அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மெஷினை விற்க வேண்டும் என்று அவர் மனைவி ராசாத்தி சொல்லியனுப்பியிருந்தாள். செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த சிலிண்ட்ரிகல் கிரைண்டர். அந்த நாடே இரண்டாக உடைந்து முப்பது வருஷம் ஆகிறது. மெஷின் மட்டும் இம்மி பிசகாமல் நின்றுகொண்டிருந்தது.

பாலகுரு முறைப்படி முகத்தைச் சுளித்தார். "ஓட்டிப் பாக்கணுமேங்க. ஆளு இருக்காங்களா?"

"எதுக்கு ஆளு?" என்றாள் ராசாத்தி.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஒரு சாண் இரும்புத் தண்டை இரு முனையிலும் பிடித்து மாட்டி, மோட்டாரைப் போட்டாள். கல் சக்கரம் சுற்றியது. எண்ணெய் கலந்த தண்ணீர் பால் மாதிரி வழிந்தது. கடைசியில் அவள் செய்த ஒன்றைத்தான் பாலகுருவால் மறக்க முடியவில்லை. அதற்கு மேல் சக்கரத்தை உள்ளே தள்ளாமல், கையை எடுத்துவிட்டு, உரசும் சத்தம் தானாக அடங்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். வேலை முடிந்தது என்று மெஷினே சொல்லட்டும் என்பதுபோல. கூலிக்குத் தேய்க்கிறவன் எவனும் அவ்வளவு நேரம் நிற்க மாட்டான்.

தண்டை வாங்கி மைக்ரோமீட்டரில் அளந்தார். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் பருமனில் வித்தியாசம் இரண்டு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் இரண்டு கூறு. புது மெஷினே வெட்கப்படும்.

"பன்னெண்டு மைக்ரான் காட்டுதேங்க" என்றார் பாலகுரு.

பத்து மைக்ரான் பொய். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்கு. காரைக்காலில் அதைவிடச் சின்னப் பொய்யை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விலையைக் குறைத்துக் கேட்டுவிட்டு வந்தார். அடுத்த மாதம் போனார். மறுபடி ஒரு தண்டு, மறுபடி அந்தத் தலைச்சாய்ப்பு, மறுபடி பன்னிரண்டு. மூன்றாவது மாதம் ராசாத்தி, "சரிங்க, நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டாள். பாலகுருவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எடுத்துக்கொண்டால் அடுத்த மாதம் எதைச் சாக்காக வைத்து இங்கே வருவது?

"பேரிங்ல ஒரு மாதிரி சத்தம் கேக்குதுங்க. இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அந்தப் பட்டறைக்கு என்றாகிவிட்டது. கடல் காற்றுக்குத் துரு ஏறும், வாரம் ஒருமுறை ஓட்டி எண்ணெய் போடுங்கள் என்று அவர் சொன்னதை அவள் தவறாமல் செய்தாள். அவர் வந்தால் ஒரு தண்டு தேய்ப்பாள். அளப்பார், குறை சொல்வார், டீ குடிப்பார், போவார். முதல் இரண்டு முறை "வாங்கண்ணே" என்றவள் மூன்றாவது மாதத்துக்கு அப்புறம் வெறும் "வாங்க" என்றாள். மெஷினில் ஒரு திருகாணி குறைந்தாலும் கண்டுபிடிக்கிற ஆள், அந்த 'அண்ணே' கழன்று விழுந்ததைக் கவனிக்காமல் இருப்பாரா? அன்றைக்கு வண்டியில் கீழவாஞ்சூர் போய்ச் சேரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே போனார். ஆனாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது முப்பது வருஷமாகப் பழக்கப்பட்ட வாய்.

இந்த ஐப்பசியில் போனபோது, நனைந்த சட்டையோடு உள்ளே நுழைந்தவரிடம் ராசாத்தி சொன்னாள்: "உக்காருங்கண்ணே."

பாலகுரு உட்காரவில்லை. "என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன. எம்பொண்ணு ஓவியா மாசமா இருக்கா. பெங்களூருக்கு வந்துடுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இடத்துக்காரரும் பட்டறையைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை கெளம்பறேன். அதுக்குள்ள இதை வித்தாகணும்."

"இந்த ஞாயித்துக்கிழமையா?"

"இதே ஞாயித்துக்கிழமைதான். போன வாரம் திருச்சியிலேருந்து ஒருத்தரு தானா விசாரிச்சுக்கிட்டு வந்தாரு. மெஷினைப் பாத்ததும் அவருக்குக் கண்ணு விரிஞ்சுது. அப்பறம் யாருக்கோ போன் போட்டுப் பேசிட்டு, 'இது பாலகுரு கை வச்ச மெஷின்மா, அவரு கையை எடுக்காம நாங்க வெலை பேசக் கூடாது'ன்னுட்டுப் போயிட்டாரு. அது என்னண்ணே கணக்கு?"

பாலகுரு தரையைப் பார்த்தார். அது வியாபாரிகளுக்குள் இருக்கும் வழக்கம். முதலில் பார்த்து விலை சொன்னவர் 'கை வைத்தவர்'. அவர் வாங்க வேண்டும். இல்லையென்றால் எனக்கு வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொல்லிக் கையை எடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் முடிகிற காரியம். இரண்டு வருஷம் யாரும் கை வைத்து உட்கார்ந்ததில்லை. தன் ஆசையையே பார்த்துக்கொண்டிருந்தவர், அது அவள் மெஷின் மேல் பூட்டாகத் தொங்குவதை யோசிக்கவே இல்லை.

"நாலு பேரு போன்ல கேட்டுட்டு வராமலே போனாங்க. நேரத்துக்கு இது வித்திருந்தா, ஓவியா கல்யாணத்துல நான் வளையலைக் கழட்டி வித்திருக்க வேணாம்."

"நான் வேணும்னு செய்யலைங்க..."

ராசாத்தி அலமாரியைத் திறந்து செல்லக்கண்ணுவின் மைக்ரோமீட்டரை எடுத்து மேசையில் வைத்தாள். "நீங்க போனப்பறம் ஒவ்வொரு தண்டையும் நானும் அளப்பேன். ரெண்டு. ஒரு தடவை ரெண்டரை. அந்தப் பன்னெண்டை எந்தக் கடையில வாங்கியாந்தீங்க?"

பாலகுரு நிமிர்ந்தார். "தெரிஞ்சேவா மாசாமாசம் தேச்சுக் காட்டுனீங்க?"

"மொதல்ல ஏமாத்துக்காரருன்னு நெனைச்சேன். கேட்ட வெலைக்கே தரேன்னதும் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடுனீங்க பாருங்க, அப்பத்தான் ஏமாத்தத் தெரியாத ஆளுன்னு புரிஞ்சுது." சிரிப்பு அவள் உதடுவரை வந்து திரும்பிப் போனது. "இப்ப கையை எடுங்க."

"நானே எடுத்துக்கறேங்க. நியாயமான வெலைக்கு. இப்பவே."

"உங்களுக்கு விக்க மாட்டேன். நீங்க அதை யாருக்கும் குடுக்க மாட்டீங்க. கொட்டாயில வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பீங்க. அது ஓடணும்."

பாலகுரு கோயம்புத்தூர் இக்பாலுக்குப் போன் செய்தார். நாகூர்க்காரர். அவர் காதில் ஒரு சேதி விழுந்தால் போதும், பழைய மெஷின் வியாபாரிகள் அத்தனை பேருக்கும் சாயங்காலத்துக்குள் போய்விடும்.

"சத்தமாப் போடுங்க" என்றாள் ராசாத்தி. ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்ன குரு, அங்க மழை ஊத்துதாமே?"

"பாய், நெரவி கிரைண்டர்லேருந்து கையை எடுத்துட்டேன்."

"அல்லாஹ்வே, இப்பவாச்சும் எடுத்தியே! பன்னெண்டு மைக்ரான் கோணலை இனிமே எவன் வாங்குவான்? பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்."

"ரெண்டு மைக்ரான், பாய்."

"என்னது?"

"ரெண்டுதான். நான் பொய் சொன்னேன். பேரிங்ல சத்தமே கெடையாது. மெஷின் செஞ்சப்ப அடிப்பெட்டுல சுரண்டி எடுத்த கோலம்கூட இன்னும் தேஞ்சு அழியலை. இந்த மாதிரி மெஷினை என் சர்வீஸ்ல பாத்ததில்லை." சொல்லி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏம்ப்பா, ரெண்டு மைக்ரான் மெஷினை ரெண்டு வருஷமா வாங்காம அங்க என்னத்தைக் கிழிச்சுக்கிட்டிருந்தே?"

பாலகுரு ராசாத்தியைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வாங்கிட்டா அப்பறம் இங்க வர்றதுக்கு வழி ஏது, பாய்?"

மறுமுனையில் இக்பாலின் குரல் தணிந்தது. அவரை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். பேரமே பேசாமல் ஒரு விலை சொன்னார். யோக்கியமான விலை. "வியாழக்கிழமை லாரி அனுப்பறேன். அந்த அம்மாகிட்ட சொல்லிடு" என்று வைத்துவிட்டார்.

தகர ஓட்டில் மழை அடித்துக்கொண்டிருந்தது. ராசாத்தி மைக்ரோமீட்டரைத் துணியில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"இதை எங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா வெலை ஏறிடுமோன்னு..." பழக்கம், அவரை மீறி வந்துவிட்டது.

"ஏறியிருக்காதுங்க" என்றாள் ராசாத்தி.

பாலகுரு இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "திரும்பி வருவீங்களா?"

"தெரியலை. புள்ளை பொறக்கணும், தவழணும், நடக்கணும். எனக்கே தெரியலைங்க."

வியாழக்கிழமை கிரேன் வைத்துத் தூக்கி மெஷினை ஏற்றினார்கள். அது நின்ற இடத்தில் தரை ஈரம் காணாமல் வெளுத்துக் கிடந்தது. நாலு மூலையிலும் கட்டைவிரல் தடிமனில் நாலு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதையும் அறுத்துத் தரையைச் சமமாக்கித் தர வேண்டும் என்று இடத்துக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"அதை நான் பாத்துக்கறேன்" என்றார் பாலகுரு.

வெள்ளிக்கிழமை காலையில் கை கட்டரோடு வந்தார். அரை மணி நேர வேலை. மதியம் சாய்ந்தபோது மூன்று போல்ட்டுகள் முடிந்திருந்தன. ஒவ்வொன்றையும் அறுத்து, தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்தார். ராசாத்தி வாசற்படியில் உட்கார்ந்து பாத்திர மூட்டைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நாலாவது போல்ட்டின் முன்னால் குந்தியவர், கட்டரைப் போடவில்லை. அதிலிருந்த வட்டக் கல்லைக் கழற்றினார்.

"கல்லு தேஞ்சுபோச்சுங்க. நாளைக்கு வேற வாங்கியாந்து இது ஒண்ணையும் முடிச்சுடறேன்."

ராசாத்தி எழுந்து வந்து கல்லைக் கையில் வாங்கினாள். சற்று முன் மாற்றிய கல். அதில் அச்சடித்திருந்த எழுத்துகூட மங்கவில்லை. கல் தேய்வதைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"ஆமா, ரொம்பத்தான் தேஞ்சுபோச்சு" என்றாள். "நாளைக்குக் காலையிலயே வந்துடுங்க."