பத்து நாள் கெடு

"நீங்கதான சிஸ்டர் அமுத்துனிய, பின்ன நானா வந்து—"

"அமுத்தச் சொன்னாங்க, அமுத்தினேன்! அத்த மொதல்ல நீ—"

"—அமுத்துனேன்? ஆறு வருசத்துச் சீட்டு, சிஸ்டர்! ஆறு வருசம்!"

"கத்தாத பாண்டிண்ணா, வெளிய கேக்குது!"

"எனக்குக் கேக்கலியே!"

முதலுதவி அறைக்கு வெளியே மாத்திரைக்காக நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். இசக்கிபாண்டி சிரிப்புக்காகச் சொல்லவில்லை. கார்க் கதவுக்குத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஆறு வருடம் நின்றவன் அவன். எதிரே இருப்பவர் பேசி முடித்துவிட்டாரா இல்லையா என்பது இப்போது அவனுக்குத் தெரிவதில்லை. அதனால் குறுக்கே பேசுகிறான். வடக்குப்பட்டு வாடகை வீட்டில் அவன் மனைவி செல்வலட்சுமி இதைத் திமிர் என்று நினைத்து ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள்.

நர்ஸ் மஞ்சுளா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

அவன் கையில் இருந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. சற்று முன் அவள்தான் அதைப் படித்து அர்த்தம் சொன்னாள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, இடது காதில் மிகவும் குறைவு. வேலைக்குச் சேரும்போதே இந்தக் குறையை மறைத்துச் சேர்ந்ததாக நிர்வாகம் கருதுகிறது. ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று நாளைக் காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

"மறைச்சேனாம். காத எங்கன கொண்டுபோயி மறைக்க? சட்டைப் பையிலயா?"

"உக்காருண்ணா."

"சேரும்போது எடுத்த டெஸ்டுச் சீட்டு ஒண்ணு இருந்தா இந்த லெட்டருக்கு என்ன வேலை? அன்னைக்கு எனக்கு ரெண்டு காதும் சுத்தம். நீங்களே சொன்னிய, 'எறும்பு நடந்தாக்கூட உனுக்குக் கேக்கும் போல கீதே'ன்னு. சொன்னியளா இல்லியா?"

"சொன்னேன். கம்ப்யூட்டர்லயும் அப்பிடியேதான் இருந்தது."

"அதத்தான் கேக்கேன். அது எங்க?"

மஞ்சுளா மேஜை மேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பத்து வருடத்துப் பழசு. பக்கத்தில் காது பரிசோதிக்கும் பெட்டி, அதிலிருந்து கண்ணாடி அறைக்குள் போகும் ஒயர். எல்லாம் இருந்தன.

"எத்தினி வாட்டி சொல்றது? எல்லாக் கம்ப்யூட்டரையும் புது விண்டோஸுக்கு மாத்தணும்னு ஹெட் ஆபீஸ்ல சொன்னாங்க. மாத்தினாங்க. மறுநாளே இந்தப் பெட்டி ஓடல. பெட்டி பழசு. புது விண்டோஸுக்கு இத்த இன்னான்னே தெர்ல."

"சரி."

"கம்ப்யூட்டர் பாக்கற பிரசன்னாவைக் கூப்ட்டேன். 'பழசுக்கே திரும்பிப் போக ஒரு பட்டன் கீது சிஸ்டர். பத்து நாளைக்குத்தான் இருக்கும். அதுக்குள்ள அமுத்தினா ஃபைல் எல்லாம் அப்பிடியே நிக்கும். ஆனா மேனேஜர் ஓகே சொல்லாம நான் கை வைக்க மாட்டேன்'னான். மூணாம் நாளே மேனேஜர் சங்கரநாராயணன் சாருக்கு எயுதிக் குடுத்தேன்."

"பொறவு?"

"தீபாவளி லீவு. அப்பறம் சார் ஊருக்குப் போய்ட்டாரு. வந்து பதினாலாம் நாள் என்னைக் கூப்ட்டு, 'அந்தப் பெட்டி இன்னுமா ஓடல? ஆடிட்டுக்கு வெளி டாக்டர் வியாயக்கெயம வராரு'ன்னாரு. பட்டன் எங்க கீது? அது நமக்காகக் காத்துகினு இருக்குமா? போயிடிச்சு. இனிமே பழசு வேணும்னா மொத்தத்தையும் தொடச்சிட்டுத்தான் போடணும்னான் பிரசன்னா."

"தொடைக்கதுக்கு முன்ன ஒரு காப்பி எடுக்கண்டாமா? ரேசன் கார்டுக்கே நாலு ஜெராக்ஸ் எடுத்து வைக்கோம்!"

"எதுல எடுப்ப? பென் டிரைவ கேட்டுலயே புடுங்கி வச்சுக்கறாங்க. சர்வர்ல ஏத்த வேற பெர்மிஷன், அதுக்கு நாலு நாளு. சார்கிட்ட கேட்டேன்ண்ணா, கேக்காம இல்ல. 'பழைய குப்பைய வச்சு என்னம்மா பண்ணப் போற, மெஷினை ஓட வை'ன்னாரு. வாயாலதான் சொன்னாரு. எயுதித் தரல."

"எல்லாம் போயிரும்னு கம்ப்யூட்டரு முன்னாலயே சொல்லுமே?"

"சொல்லிச்சு. பிரசன்னா கைய எடுத்துட்டான். 'நீங்களே அமுத்துங்க சிஸ்டர், ரூமு உங்களுது'ன்னான்."

"அமுத்திட்டிய."

"அமுத்தினேன்! எல்லாரும் கைய எடுத்துட்டா அப்பறம் யாருதான் அமுத்தறது?"

அதற்குப் பிறகு பெட்டி நன்றாகவே ஓடியது. வியாழக்கிழமை வந்த டாக்டர் மஞ்சுளாவை நகரச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து சோதித்தார். கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். இசக்கிபாண்டி பாதி சத்தத்துக்கு அமுக்கவில்லை. அமுக்கியதில் பாதி, சத்தமே இல்லாதபோது அமுக்கியது. டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். நான்காம் நாள் கடிதம் வந்துவிட்டது.

"போனது போட்டும், சிஸ்டர். ஒரு வெள்ளத்தாள்ல கைப்பட எழுதிக் குடுங்க. இன்ன வருசம் இவன் சேந்தான், நான்தான் டெஸ்டு எடுத்தேன், ரெண்டு காதும் நல்லா இருந்துச்சுன்னு. அது பொய்யில்லல்லா?"

"பொய் இல்ல."

"பின்ன?"

"எயுதிக் குடுத்தா அதோட வுட்டுருவாங்களா? 'போன வருசம் எப்படி இருந்திச்சு, அதுக்கு மொத வருசம் எப்படி இருந்திச்சு'ன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்லட்டும்? நீயே சொல்லு."

அவன் கடிதத்தை நான்காக மடித்தான்.

"சொல்லுண்ணா. ரெண்டு வருசமா கண்ணாடிக்கு அந்தாண்ட உக்காந்துகினு நீ சத்தத்தையா கேட்ட? என் மூஞ்சியப் பாத்துகினு இருந்த. சத்தம் வரும்போது நான் கண்ண மூடித் தொறந்தேன். நீ அமுத்தின. நார்மல்னு எயுதினேன்."

"நான்தான் கேட்டேன். இல்லன்னு சொல்லல. காது போயிட்டுன்னு தெரிஞ்சா பேக்கிங்குக்குத் தள்ளிருவான், அங்க ஓ.டி. காசு கெடையாது, அதனால கேட்டேன். நீங்க முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"தோ பார்றா! கால்ல வியாத கொறையா நின்னுட்டு—"

"கால்ல விழுந்தா எந்திரின்னு சொல்லணும். கண்ணச் சிமிட்டக் கூடாது."

"ஆமாண்டா, பாவம் பாத்தேன் பாரு, என்னச் சொல்லணும்! புள்ளகுட்டிக்காரன், தூரத்துலேர்ந்து வந்து பொயக்கறவன்னு பாத்தேன் பாரு!"

"பாத்திய. இடது காது போச்சுன்னு அன்னைக்கே எழுதியிருந்தியன்னா பிரஸ்ஸ விட்டு எடுத்திருப்பான். வலது காதாவது மிஞ்சியிருக்கும்."

இதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவனால் மெதுவாகப் பேச முடியாது. வெளியே இருந்தவர்கள் இதற்குச் சிரிக்கவில்லை.

மஞ்சுளா பஞ்சு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். பிறகு அவன் வலது பக்கமாக வந்து நின்றுகொண்டாள்.

"நாளைக்கி என்னியும் கூப்ட்டுக்கீறாங்க. சேரும்போது டெஸ்ட் எடுத்தேன், நல்லா இருந்திச்சுன்னு சொல்லிர்றேன். அது நெசம், அதுக்கு எனக்குப் பயம் இல்ல. மத்த வருசத்தைக் கேட்டா நெனப்பில்லன்னுடறேன். போ."

"சத்தியமா?"

"வல்லக்கோட்டை முருகன் சத்தியமா."

"என்னது?"

"வல்லக்கோட்டை முருகன் சத்தியமாண்ணா!"

சத்தியத்தையே அவள் இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கே மனிதவள மேலாளர் சங்கரநாராயணன் அவளை மட்டும் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. டீ சொல்லட்டுமா?"

"வேணாம் சார்."

"இதைப் படிச்சுப் பாரு."

ஒரே ஒரு தாள். முதலுதவி அறைக் கணினியிலிருந்த தொழிலாளர் மருத்துவப் பதிவுகள் அனைத்தையும், யாருடைய அனுமதியும் பெறாமல், செவிலியர் மஞ்சுளா தாமாகவே அழித்துவிட்டார். கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"சார், நீங்கதான சார் சொன்னீங்க."

"நான் சொன்னதுக்கு மெயில் இருக்கா?"

"வாயால சொன்னீங்க சார். மூணாம் நாளே நான் உங்களுக்கு எயுதிக் குடுத்தேன். அன்னைக்கே ஓகே சொல்லியிருந்தா ஒண்ணும் அயிஞ்சிருக்காது சார்."

"மூணாம் நாள், நாலாம் நாளெல்லாம் இப்ப யாரு கேக்கப் போறாங்க? அமுத்தினது யாருன்னுதான் கேப்பாங்க." அவர் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "பயப்படாத. இதைக் கிழிச்சுப் போடத்தான் நானும் பாக்கறேன். நீதான் வழிவிடணும்."

"இன்னா வழி சார்?"

"இசக்கிபாண்டி சேர்ந்த வருஷம் ஒரே வாரத்துல இருநூறு பேரை எடுத்தோம். ஞாபகம் இருக்கா? அந்த நெரிசல்ல ஒவ்வொருத்தனுக்கும் காது டெஸ்ட் எடுத்தீங்களா என்ன?"

"எடுத்தேன் சார். எல்லாருக்கும்—"

"ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிருக்கலாம்."

"இல்ல சார், நான் ஒயுங்கா—"

"விட்டுப் போயிருக்கலாம்மா. நான் சொல்றதை முழுசாக் கேளு. அவனுக்கு எடுக்கவே இல்லைன்னா, கம்ப்யூட்டர்ல அவனுக்கு ஒண்ணும் இல்லை. இல்லாத ஒண்ணு எப்படி அழியும்? அழியலைன்னா அழிச்சவங்கன்னு ஒருத்தரும் இல்லை. நீயும் இல்லை, நானும் இல்லை."

"மத்த அறுநூறு பேருக்கும் போயிருக்குதே சார்?"

"அவங்க கேக்கட்டும். கேக்கும்போது பாத்துக்கலாம்."

"அந்த ஆளுக்கு வேல போயிடும் சார்."

"அவனுக்குக் காதே போயிடுச்சு. காது போனவனை எத்தனை நாள் வச்சுக்க முடியும்? உனக்கு இன்னும் ஒண்ணும் போகலை. அதை யோசி."

மஞ்சுளா ஜன்னல் வழியாகப் பிரஸ் ஷாப்பின் கூரையைப் பார்த்தாள்.

"எங்க நெலத்துக்குப் பதிலாதான் சார் எனக்கு இந்த வேலையக் குடுத்தாங்க. பிரஸ் ஷாப்பு நிக்கற எடம் எங்களுது."

"அதனாலதாம்மா சொல்றேன். நிலம் திரும்பி வராது. வேலையாவது இருக்கட்டும்."

பத்து மணிக்கு இசக்கிபாண்டி வந்தான். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து மஞ்சுளாவைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் முகக்கவசம் போட்டிருந்தாள். முதலுதவி அறையிலிருந்து வருகிறவள்தானே என்று அவன் அதை ஒன்றும் நினைக்கவில்லை.

சங்கரநாராயணன் அவனுக்குக் கேட்கும்படி உரக்கப் பேசினார். "இயர் பிளக் குடுத்தோமா இல்லையா?"

"குடுத்திய சார். மாட்டுனா, கூப்பிட்டது கேக்கலன்னு சூப்பர்வைசர் ஏசுவாரு. கழத்துனா நீங்க ஏசுவிய. எந்த ஏச்சு சின்னதோ அத வாங்கிக்கிட்டேன்."

"உங்க ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுல ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்துலயே படுத்துத் தூங்குவீங்களாமே? காது அங்கேயே போயிருக்கும்."

"தூங்குவோம் சார். வருசத்துக்கு மூணு நாளு. இங்க முந்நூறு நாளு நிக்கேன்."

"சேரும்போது உங்களுக்குக் காது டெஸ்ட் எடுத்ததா சொல்றீங்க."

"எடுத்தாவ சார். ரெண்டு காதும் நல்லா இருந்துச்சு. எடுத்தவங்களே இங்கன இருக்காவ, கேளுங்க." சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான். காலையில் சாப்பிடாமல் வந்தவன்; மேஜையில் வைத்திருந்த டீயை அப்போதுதான் எடுத்துக் குடித்தான்.

சங்கரநாராயணன் மஞ்சுளா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லும்மா. இவருக்குச் சேரும்போது டெஸ்ட் எடுத்தியா?"

மஞ்சுளா மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு முகக்கவசத்துக்குள் மெதுவாகச் சொன்னாள்.

"எடுக்கல சார். அன்னைக்கிக் கூட்டம். விட்டுப் போச்சு."

அவர் அதை அப்படியே எழுதினார். எழுதிய தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

எழுதுவதையும் கையெழுத்தையும் இசக்கிபாண்டி பார்த்துக்கொண்டிருந்தான். நன்றி சொல்ல இரண்டு கையும் பாதி தூக்கினான். பிறகு, வராந்தா முழுவதும் கேட்கும் தன் குரலில் சொன்னான்:

"சிஸ்டர் சொல்லிட்டாவல்லா சார்? இனி நான் எந்த லைனுக்குப் போகணும்?"